பாவு எடுத்த பிறகு வரும் பஸ்

1

போன மாதம் எங்கள் தெருமுனைக் கம்பத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். விடிவதற்கு முன்னால் வரும் முதல் பஸ் இனி வராது; அதில் ஏறுகிற கூட்டம் போதவில்லை; பயணிகளுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம். நல்ல காகிதம், பிழையில்லாத டைப். இந்த ஊரில் எதைப் பிடுங்கிக்கொண்டாலும் மரியாதையாகத்தான் பிடுங்குவார்கள்.

இங்கிலாந்து என்றால் உங்களுக்கு லண்டன்தான் கண்ணில் வரும். நான் இருப்பது வடக்கே, கம்பளி ஆலைகள் நிறைந்த ஒரு மேட்டு ஊர். மேட்டுக்கு இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் ஆலை. காஞ்சிபுரத்தில் பட்டுக்குப் பக்கத்தில் பிறந்தவள் கடல் தாண்டிப் போய்க் கம்பளி நூல் சுற்றுகிறாளே என்று என் மாமியாருக்கு இன்றைக்கும் ஒரு குறை உண்டு. காலை ஷிப்டு ஆறு மணிக்கு. அந்த முதல் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஷிப்டு தொடங்கிய பிறகுதான். கார் கிடையாது. என் கணவருக்கு இரும்புப் பட்டறையில் இரவு வேலை. அவர் வந்து கதவைத் தட்டியதும் நான் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவது அவர் பாடு. இந்த ஏற்பாட்டிலிருந்து பஸ்ஸை மட்டும் உருவிவிட்டால் மிச்சம் எதுவும் நிற்காது.

அதோடு, ஆலைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கிற காலம் இது. எங்கள் ஆலையிலும் ஆள் குறைப்பார்கள் என்று பேச்சு. யாரை முதலில் அனுப்புவீர்கள் என்று கேட்டதற்கு மேற்பார்வையாளர், "நேரத்துக்கு வராதவர்களை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இத்தனையும் தெரிந்திருந்தும் நோட்டீஸைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஒரு பஸ்ஸுக்காக மனு டைப் அடித்து விரல் தேய்ந்தவள் நான். அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

2

கல்யாணத்துக்கு முன்பு, அறுபதுகளின் நடுவில், சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சங்கத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். வட்டாரம், தொழில், வளர்ச்சி எல்லாம் வருகிற நீளமான பெயர். பலகையில் எழுதியபோது கடைசி எழுத்துகளுக்கு இடம் போதாமல் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நின்றன. ஊரில் அதை வேலைச் சங்கம் என்றுதான் சொல்வார்கள். அரசாங்கத்தைச் சேர்ந்தது அல்ல, கட்சியைச் சேர்ந்ததும் அல்ல. பட்டு வியாபாரிகள் சிலர், சுற்று ஊர்களில் நிலம் வைத்திருந்தவர்கள் சிலர், பென்ஷன் வாங்கிய வாத்தியார்கள் சிலர் கூடி, வட்டாரத்து ஜனங்களுக்கு வட்டாரத்திலேயே வேலை உண்டாக்கவேண்டும் என்று தொடங்கியது. யாருக்கும் லாபம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம், போண்டா, காபி, தீர்மானம். அடுத்த ஞாயிறு அதே தீர்மானத்தை இன்னும் காரமான தமிழில் நிறைவேற்றுவார்கள்.

தலைவர் நரசிம்மலு. பட்டுக்கடைக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியில் நம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். சங்கத்தார் முதலில் சோப்பு செய்தார்கள்; நுரைக்கவில்லை. பிறகு சாக்பீஸ் செய்தார்கள். சங்கத்து வாத்தியார்களே வாங்க மறுத்தார்கள். மூன்றாவது யோசனை நரசிம்மலுவுக்கு வந்தது. புடவை வைத்துக் கொடுக்கிற அட்டைப்பெட்டிகள் அப்போது மெட்ராஸிலிருந்து லாரியில் வந்துகொண்டிருந்தன.

"பொடவ நம்ம ஊரு. பொட்டி மட்டும் இன்னாத்துக்குபா மெட்ராஸ்லேர்ந்து வரணும்?" என்று மேசையைத் தட்டினார். அன்றைக்குப் பேச்சு சுவாரசியத்தில் தீர்மானம் போட மறந்துபோனார்கள். அதனால்தான் அந்தக் காரியம் நடந்தது என்பது என் அபிப்பிராயம்.

நெசவுத் தெரு ஒன்றின் கோடியில் நரசிம்மலுவுக்குப் பழைய கிடங்கு ஒன்று இருந்தது. வாடகை வேண்டாம் என்று கொடுத்தார். பசை காய்ச்ச அடுப்பு வந்தது, அட்டை வெட்ட மெஷின் வந்தது. ஆள்தான் இல்லை. டவுன் பெண்களுக்கு வீட்டோடு தறி வேலை, நூல் வேலை இருந்தது. வாலாஜாபாத்துக்குப் பக்கத்தில் தென்னேரியில் அந்த வருஷம் ஏரி வறண்டு கிடந்தது. ஏரியில் தண்ணீர் இல்லையென்றால் அங்கே நடவு இல்லை, அறுப்பு இல்லை, கூலிக்குப் போகிற வீடுகளில் அடுப்பும் எரியாது. அங்கிருந்து பெண்களை எடுப்பது என்று முடிவானது.

அப்படி வந்தவர்களில் ஒருவர் லூர்தம்மாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். ஊருக்கு வெளியே தனியாக இருக்கிற தெருவைச் சேர்ந்தவர். அவருடைய வீட்டார் தலைமுறையாக ஒரே நிலக்காரர் வீட்டில் கூலி வேலை செய்தவர்கள். வேலை உறுதி என்று சங்கம் சொன்னதும் மற்றப் பெண்கள், பஸ் வரட்டும் பார்க்கலாம் என்று இருந்தார்கள். ஏனென்றால் தென்னேரியிலிருந்து காலையில் கிடங்கு திறக்கும் நேரத்துக்கு வர அன்றைக்கு பஸ் கிடையாது. லூர்தம்மாள் மட்டும் நேராக நிலக்காரர் வீட்டு வாசலுக்குப் போய், நாலு பேர் முன்னால், இனிமேல் வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். நிலக்காரர் கோபப்படவில்லையாம். "போய்ட்டு வா. பஸ்சு வரலன்னா கதவு தொறந்துதான் இருக்கும்" என்று சிரித்தாராம்.

பெயர் பதிய வந்தபோது நான் கேட்டேன்: "பஸ்ஸே இன்னும் வரலையேமா, அதுக்குள்ள ஏன் சொல்லிட்டீங்க?"

"சொல்லாம வுட்டா விடிஞ்சதும் காலு தானா அங்கதாம்மா போவும்" என்றார்.

அதன் பிறகு நான் மனுக்களை இன்னும் வேகமாக அடித்தேன். செங்கல்பட்டுக்கு ஒன்று, மெட்ராஸுக்கு ஒன்று, அதன் நகல், நகலுக்கு நினைவூட்டல். ஒரு அதிகாரி வரைபடத்தை விரித்து தென்னேரியிலிருந்து கிடங்கு வரைக்கும் நீலப் பென்சிலால் கோடு போட்டார். கடைசியில் அனுமதி வந்தது. முதல் நாள் அதிகாரியே பஸ்ஸில் வருவார். வழி சரியாக இருந்தால் பஸ் தொடரும், இல்லையென்றால் அன்றோடு சரி.

3

இங்கே வந்த புதிதில் நடந்தது. ஆலையில் வேலை கிடைத்த அன்று, "ஹாஃப் ஃபைவுக்கு பஸ்" என்று சொன்னார்கள். ஐந்தரையை அவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று எனக்கு யார் சொல்வது? ஐந்துக்கு அரை மணி குறைவாக்கும் என்று கணக்குப் போட்டு, நாலரைக்கே கம்பத்தடியில் போய் நின்றேன். பனி கொட்டுகிறது. காலுக்கு மேலே இருக்கிறது என் உடம்புதானா என்று சந்தேகம் வந்த நேரத்தில் மற்றவர்கள் வரத் தொடங்கினார்கள்.

அவர்களில் ஒருவர் டோரீன். என்னைவிடப் பெரியவர், எங்கள் ஆலையிலேயே வேறு பிரிவு. அந்த பஸ் நிறுத்தத்துக்கு அவர்தான் மகாராணி. மூன்று பக்கம் தகரம் அடித்து, ஒரு பக்கம் திறந்த சின்னக் கூண்டு அது. அதற்குள் எல்லாரும் ஒட்டி நின்றால்தான் காற்று உள்ளே வராது. டோரீன் ஒவ்வொருவரையும் விரட்டிக்கொண்டே இருப்பார். ஒட்டி நில், பையை இறக்கு, அங்கே என்ன வேடிக்கை, காற்று வருகிறது பார். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். என்னிடம் மட்டும் அவர் அப்படிப் பேசியதில்லை. சிரித்து, குட் மார்னிங் சொல்லி, கொஞ்சம் விலகி வழிவிடுவார். மற்றவர்களும் அப்படித்தான். நான் கூண்டின் விளிம்பில் நிற்பேன். எனக்கும் அடுத்தவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம்போல இடம் இருக்கும். ஒன்பது வருஷம் அந்த இடம் அப்படியே இருந்தது. குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மரியாதையைப் பற்றி யாரிடம் போய்ப் புகார் செய்வது?

டைப் வேலை தேடாமல் ஆலைக்கு ஏன் போனாய் என்று என் தங்கை கடிதத்துக்குக் கடிதம் கேட்பாள். தேடாமலா? வேலை கொடுக்கிற ஆபீசில் என் டைப் சர்ட்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். காஞ்சிபுரம் எந்த நாடு என்று கேட்டார்கள். அப்பாவின் பெயரை என் குடும்பப் பெயராகப் போட்டு, என் பெயரை நடுவில் தள்ளி, என்னை வேறு யாரோ ஆக்கினார்கள். பிறகு, டைப்பிஸ்டுக்கு உச்சரிப்பு சரியாக இருக்கவேண்டும் என்றார்கள். டைப் அடிக்க உச்சரிப்பு எதற்கு என்று திருப்பிக் கேட்கிற அளவுக்கு அன்றைக்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை.

இப்போது அதெல்லாம் என் பெண் கலை பார்த்துக்கொள்கிறாள். பத்து வயது. எனக்கு வருகிற கடிதங்களை அவள்தான் முதலில் படித்து, பயப்பட ஒன்றுமில்லை என்றோ, அப்பாவைக் கூப்பிடு என்றோ சொல்வாள். டோரீனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அத்தை என்று சொல் என்று கண்ணை உருட்டினால், "அவங்க எனக்கு அத்தை இல்லையே" என்கிறாள். அது உண்மைதானே. காஞ்சிபுரத்தைப் பற்றிக் கேட்கும்போது "உங்க ஊர்ல" என்று தொடங்குவாள். நம்ம ஊர் என்று நான் திருத்துவேன். சரி என்பாள். அடுத்த வாக்கியத்தில் மறுபடியும் "உங்க ஊர்ல" வந்துவிடும். அவள் வேண்டுமென்று செய்யவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

4

பஸ் திறப்பு விழாவுக்கு நாளும் நேரமும் பார்த்தது பஞ்சாங்கக்காரர். வழி பார்த்தது வரைபடம். தெருவைப் பார்த்தவர் யாரும் இல்லை.

நெசவுத் தெருவில் விடிகாலையில் பாவு போடுவார்கள். புடவைக்கு நீளவாட்டில் ஓடுகிற இழைகள்தான் பாவு. அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, நீவி, இளவெயிலில் காயவிடுவார்கள். அது காய்ந்து சுருட்டி எடுக்கும்வரை அந்தத் தெரு தெருவே அல்ல. கடப்பவர்கள் ஓரமாகப் போகவேண்டும். குறுக்கே போவதென்றால் குனிந்து அடியில் போகவேண்டும். அந்தத் தெருவில் பிறந்த மாடுகூட அந்த நேரத்தில் வேறு வழியாகப் போகும். இது தலைவருக்குத் தெரியும், வாத்தியார்களுக்குத் தெரியும், செவிலிமேட்டிலிருந்து தினமும் சைக்கிளில் வந்த எனக்கும் தெரியும். நான் அடித்த எந்த மனுவிலும் அது இல்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று யாராவது மனுவில் எழுதுவார்களா? எல்லாருக்கும் தெரிந்ததை யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

ஆவணி மாதம். வாழைக்கன்றும் மாவிலையும் கட்டிய பஸ் தெரு முனைக்கு வந்து நின்றது. நான் கிடங்கு வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றவள், ஹாரன் சத்தம் கேட்டு ஓடினேன். பஸ்ஸுக்கு எதிரே, தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நெசவாளர் கன்னியப்பனின் பாவு. அரக்கு நிறம், ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு வீட்டுப் பாவுகள்.

கன்னியப்பன் கையில் பிரஷோடு நிமிர்ந்தார். "இன்னாபா ஆரன் அடிக்கிற. பாவு போட்டுக்கினு இருக்குது, கண்ணு தெரியல?"

"கவர்மெண்ட் பர்மிட்டு குடுத்த பஸ்சு இது" என்றார் டிரைவர்.

"எவன் குடுத்தா இன்னா. ஈரப் பாவு. இப்ப அவுத்தா இழைக்கு இழை ஒட்டிக்கும். மூணு கல்யாணப் பொடவபா இது."

நரசிம்மலு வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். வந்தவர் பாவைப் பார்த்ததும் அப்படியே நின்றார். அது அவர் கடைப் பட்டு. தலைவருக்கு பஸ் போகவேண்டும், முதலாளிக்குப் பாவு நிற்கவேண்டும். இரண்டு பேரும் ஒரே சட்டைக்குள் நின்று வியர்த்தார்கள். தெலுங்கில் என்னவோ சொன்னார், யாரைத் திட்டுகிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அதிகாரி இறங்கினார். பார்த்தார். "இது ரோடே இல்லையே" என்றார். "இதுல பஸ் வுட்டா நாளைக்கு என்னத்தான் கேப்பாங்க. திருப்புங்க வண்டிய."

லூர்தம்மாள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். புதுப் புடவை கட்டியிருந்தார், தலையில் பூ. அந்த வார்த்தை அவர் காதில் விழுந்ததை நான் பார்த்தேன். நிலக்காரர் வீட்டுத் திறந்த கதவு என் கண்ணிலேயே வந்து நின்றது என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும். அவர் அழவில்லை. எழுந்து, இறங்கி, தெரு முனையில் நின்றார். மற்றப் பெண்களும் அவர் பின்னால் இறங்கினார்கள். பஸ் போகாவிட்டால் என்ன, கிடங்கு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தது. ஆனால் அவர்கள் அங்கேயே நின்றார்கள்.

ஏன் நின்றார்கள் என்று சொல்லியாகவேண்டும். அவர்களுடைய ஜனங்கள் அந்தத் தெருவுக்குள் வந்ததில்லை. வரக்கூடாது என்று பலகை எதுவும் கிடையாது. வந்ததில்லை, அவ்வளவுதான். பஸ்ஸில் உட்கார்ந்தபடி தெருவைக் கடந்துவிடலாம் என்று இருந்தவர்கள், இப்போது நடக்கவேண்டும். வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள்.

கன்னியப்பனின் மனைவி முனியம்மா கஞ்சிச் சட்டியோடு தன் வாசலில் நின்றிருந்தார். பெண்களை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சொன்னார்:

"ஓரமா வாங்கமா. முந்தானைய இழுத்து சொருவிக்கினு வாங்க, பாவு மேல பட்டுடப் போவுது. இந்தாண்ட வரணும்னா குனிஞ்சி வாங்க, தாண்டாதீங்க."

தயிர்க்காரிக்கும் தபால்காரருக்கும் எனக்கும் தினமும் சொல்வதைத்தான் சொன்னார். குரலில் கூடவோ குறையவோ எதுவும் இல்லை. பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு வரிசையாக உள்ளே நடந்தார்கள்.

பாதி தூரம் வந்திருப்பார்கள், தூறல் விழுந்தது. ஈரப் பாவில் மழை விழுந்தால் கஞ்சி கரைந்து எல்லாம் போயிற்று. அப்போது தெருவில் யார் இருந்தாலும் கை கொடுக்கவேண்டும், அது அங்கே எழுதாத சட்டம். மூன்று வீட்டுக்காரர்களும் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"ஏம்மா, நின்னு பாத்துக்கினு இருக்கீங்களே. ஜல்தியா கையக் குடுங்க" என்றார் முனியம்மா, யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்கக்கூட இல்லாமல்.

லூர்தம்மாள்தான் முதலில் கையை நீட்டினார். பெண்கள் இரண்டு பக்கமும் நின்று முழங்கையால் பாவைத் தாங்கினார்கள். ஒரு கோடியிலிருந்து கன்னியப்பன் சுருட்டிக்கொண்டு வர, அவர் வர வர ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். வரிசையாக நின்று நடவு நட்டுப் பழகியவர்கள்; ஒருத்தர் கால் ஒருத்தர் மேல் படவில்லை. ஒன்று முடிந்ததும் அடுத்த வீட்டுப் பாவு. நானும் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தாங்கினேன். புதுப் புடவைகள் எல்லாம் கஞ்சி. ஒட்டிக்கொண்ட இழைகளைப் பிரித்து மறுநாள் மறுபடி பாவு போடவேண்டியதுதான், ஆனாலும் பட்டு தப்பித்தது.

அப்போது தெரு காலியாக இருந்தது. டிரைவர் அதைப் பார்த்தார். பார்த்ததும் கியரைப் போட்டார். வாழைக்கன்று ஆட, மாவிலை ஆட, உள்ளே ஒரு ஈ காக்கை இல்லாமல் பஸ் எங்களைத் தாண்டிப் போய்க் கிடங்கு வாசலில் நின்றது. படியில் தொங்கிக்கொண்டு அதிகாரி மட்டும். முனியம்மா சிரிக்க ஆரம்பித்தார், பிறகு எல்லாரும் சிரித்தோம்.

அதிகாரி தலையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "தினம் எப்பய்யா இத எடுப்பீங்க?"

"வெயிலு ஏறனா எடுத்துடுவோம் சார். யாருனா முன்னயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார் கன்னியப்பன்.

பஸ்ஸை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டார்கள். கிடங்கு திறக்கும் நேரத்தையும் தள்ளினார்கள். அவ்வளவுதான் விஷயம். டவுனில் அதற்குப் பாவு எடுத்த பஸ் என்று பெயர் வந்தது. லூர்தம்மாள் தென்னேரியிலிருந்து அதில்தான் தினமும் வந்தார். அந்தத் திறந்த கதவுக்கு அவர் திரும்பிப் போகவில்லை. எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்ட வீடுகள் அதன் பிறகும் இருந்தன.

சில நாள் கழித்து, பெட்டிக்கு மூலை ஒட்டிக்கொண்டிருந்த லூர்தம்மாளிடம், அதிகாரி வண்டியைத் திருப்பச் சொன்னபோது பயந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"அந்தாளு கெடக்கறாரும்மா. கஞ்சி சட்டியோட நின்ன அந்தம்மா இன்னா சொல்லப் போறாங்களோன்னுதான் எனக்கு அடிச்சிக்கினு இருந்தது" என்றார். பசைக் கையைத் துடைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் சொல்றத எனக்கும் சொன்னாங்க பாரு" என்றார்.

இதில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் என் மேசைக்குப் போனேன்.

5

இங்கேயும் இப்போது ஒரு சங்கம் இருக்கிறது. ஆலைகள் மூடத் தொடங்கியதும் ஊர்க்காரர்களே கூடி ஆரம்பித்தது. உள்ளூரில் புதுத் தொழில் கொண்டுவருவது, இருக்கிற வேலையைக் காப்பாற்றுவது, அதே பேச்சு. போண்டாவுக்குப் பதில் பிஸ்கட். சர்ச் பக்கத்து மண்டபத்தில் கூட்டம். பஸ் விஷயம் வந்ததும் டோரீன் ஆலையில் என்னிடம் வந்து, மனு அடிக்கவேண்டும், உனக்கு டைப் தெரியுமாமே என்று கேட்டார். தெரியும் என்றேன். ஒன்பது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி.

பஸ் கம்பெனி அதிகாரி வருகிற கூட்டத்துக்குக் கலையையும் கூட்டிக்கொண்டு போனேன், புரியாததைச் சொல்ல. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். அதிகாரி சின்ன வயசுக்காரர். சுவரில் வரைபடத்தை மாட்டினார். இதிலும் நீலக் கோடு. அந்த முதல் பஸ்ஸில் தினமும் நாலைந்து பேர்தான் ஏறுகிறார்கள் என்று அவர் சொன்னார். பெண்கள் கத்தினார்கள். அவர் பொறுமையாக அதையே திரும்பச் சொன்னார்.

நான் எழுந்து நின்றேன். பக்கத்தில் கலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் ஆங்கிலத்தில் கேட்டேன்: "நாலைந்து பேர் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் வந்து பார்த்தீர்களா?"

கண்டக்டர் கிழித்த டிக்கெட்டுகளின் கணக்கு என்றார்.

டோரீன் கைப்பையைத் திறந்து, வாரத்துக்கு மொத்தமாகக் காசு கட்டி வாங்கிய தன் வாரச் சீட்டை எடுத்து உயர்த்திக் காட்டினார். பக்கத்தில் இருந்தவரும் எடுத்தார். அப்படியே ஒவ்வொருவராக. நாங்கள் எல்லாரும் வாரச் சீட்டுக்காரர்கள். அந்த இருட்டில் கண்டக்டர் எங்களிடம் டிக்கெட் கேட்பதும் இல்லை, கிழிப்பதும் இல்லை. எங்களுக்கு அது அவ்வளவு சாதாரணமாக இருந்ததால் யாரும் அதிகாரியிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் நான் பார்த்த அதே கூத்து, கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தது.

"வியாழக்கிழமை நானே வந்து பார்க்கிறேன்" என்றார் அவர், கழுத்தைச் சொறிந்துகொண்டு.

வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போது கலை, "எப்படிம்மா அதைக் கேக்கணும்னு தெரிஞ்சது?" என்று தமிழில் கேட்டாள். பாவுக் கதையை மறுபடி முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, "மழை வரலைன்னா?" என்றாள்.

6

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். குல்லாய் இல்லாமல் வந்து, கூண்டுக்கு வெளியே கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார். டோரீன் அவரைப் பார்த்து, என்ன தம்பி அங்கே நிற்கிறாய், உள்ளே வந்து ஒட்டி நில், காற்றை விடாதே என்று விரட்டினார். அவரும் பள்ளிப் பையன்போல உள்ளே போய் ஒட்டிக்கொண்டார். சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பொறாமையாக இருந்தது. வந்த முதல் நாளே அவருக்கு அந்த விரட்டல் கிடைத்துவிட்டது. நான் என் விளிம்பிலேயே நின்றேன். பஸ்ஸில் அவருக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. மேட்டைத் தாண்டும்வரை கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார்.

அதற்கடுத்த வாரம் ஒரு நாள் கம்பத்தில் நோட்டீஸ் இல்லை. ஒட்டிய இடத்தில் பசைத் தடம் மட்டும் இருந்தது. பஸ் வழக்கம்போல வரும் என்று கண்டக்டர் முந்தின நாளே சொல்லியிருந்தார். இனி ஆலை மூடினால் மூடட்டும், நான் நேரத்துக்கு வராததால் அனுப்பினார்கள் என்ற பேச்சுக்கு இடமில்லை.

பனிக் காற்று குறுக்கே வீசிக்கொண்டிருந்தது. நான் கூண்டின் விளிம்பில் என் வழக்கமான இடத்தில் நின்றேன். டோரீன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். இந்த முறை குட் மார்னிங் சொல்லவில்லை.

"பத்மா, என்ன அங்கேயே நிற்கிறாய்? உள்ளே வா, ஒட்டி நில். காற்று வருகிறது பார். அந்தத் துணியையும் இழுத்துச் செருகு, ஈரத்தில் இழுபடுகிறது."

குரலில் கூடவோ குறையவோ எதுவும் இல்லை. கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையைக் குனிந்து உள்ளே போய் நின்றேன்.